கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

தமிழ்நாட்டில் கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் வேலை நேரத்தில் உட்காரலாம் என்று சட்டம் சொல்ல ஆரம்பித்தது 2021-இல்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் ஒரு சின்னத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். நாள் முழுக்கக் காலிலேயே நிற்கும் நிலை கூடாது. அதன் சாரம் இவ்வளவுதான். ஜவுளிக் கடை ஊழியர்களின் கதையைச் சொன்ன ‘அங்காடித் தெரு’ படம் திரைக்கு வந்து அப்போது 11 ஆண்டு ஆகியிருந்தது.

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம்.

பிரிட்டனில் 1899-லேயே கடைப் பணியாளர் இருக்கைச் சட்டம் என்று ஒன்று வந்துவிட்டது. மூன்று பெண் பணியாளர்களுக்கு ஒரு இருக்கையாவது போட வேண்டும் என்று கணக்குச் சொன்ன சட்டம் அது. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 44-ஆவது பிரிவு இருந்தது. ஆக, லேத் முன்னால் நின்றவருக்கு அன்றே கிடைத்த உரிமை, பட்டுப்புடவை செக்‌ஷனில் நின்றவருக்குக் கிடைக்க இன்னும் 73 ஆண்டு ஆனது. கடை வேலை என்றால் வெயில் படாத, நோகாத வேலை என்று ஊரே நினைத்தது ஒரு காரணமாக இருக்கலாம். அங்கே நின்றவர்களில் பலர் சங்கம் என்றால் என்னவென்றே தெரியாத சின்ன வயசுப் பிள்ளைகள் என்பது இன்னொன்று.

வழியைத் திறந்தது கேரளம். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. அங்கே தையல் வேலை பார்த்துவந்த விஜி என்பவர் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலியைக்கூட இல்லை, கழிப்பறையை. கடைகளில் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே நின்றார்கள். உட்காரும் உரிமைக்கான போராட்டம் அதற்குப் பிறகு வந்தது. திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடையில் பெண்கள் 2014 கடைசியில் ஆரம்பித்த போராட்டம் நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது.

தெற்கே ஒரு ஊரில் மூன்று மாடி ஜவுளிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு நீண்ட நாளாக ஒரு குறை. “பயலுவ ஒரு வருசம் முழுசா நிக்க மாட்டேங்கானுவ தம்பி. சாப்பாடு போடுதோம், தங்க இடம் கொடுக்கோம், இன்னும் என்ன செய்யணுங்கிய?” என்பார். நாற்காலிக் கதையைக் கேட்டுவிட்டு, “இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். சம்பந்தம் உண்டு என்றுதான் சொல்லப் போகிறேன். அதற்கு முன் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

‘ஊழியர் ஈடுபாடு’ என்று மனிதவள அதிகாரிகள் பேசும் பேச்சுக்கு ஒரு ஆரம்பம் உண்டு. 1990-இல் வில்லியம் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டு இடங்களில் வேலை நடப்பதைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார். ஒன்று, பிள்ளைகளுக்கான கோடைமுகாம். இன்னொன்று, கட்டட வரைபடம் போடும் அலுவலகம். ஒரே ஆள், ஒரே வேலை; ஒரு நாள் மனசு முழுக்க அதில் இருக்கிறது, மறுநாள் கை மட்டும் வேலை பார்க்கிறது. ஏன் என்பதுதான் அவர் தேடியது. வேலையில் இறங்கும் ஒவ்வொருவரும் தனக்குத் தெரியாமலே மூன்று கேள்விக்குப் பதில் தேடுகிறார் என்று அவருக்குத் தோன்றியது. இதில் என்னைக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா? கொடுத்தால் எனக்குக் கேடு வராமல் இருக்குமா? கொடுப்பதற்கு இப்போது என்னிடம் தெம்பு இருக்கிறதா?

நிர்வாகங்கள் முதல் கேள்விக்குத்தான் விழுந்து விழுந்து பதில் தயாரிக்கின்றன. சுவரில் லட்சிய வாசகம், ‘நாம் எல்லாம் ஒரே குடும்பம்’ என்று ஆண்டு விழாவில் ஒரு பேச்சு. இரண்டாவதும் மூன்றாவதும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஸ்டூல் அந்த மூன்றாவது கேள்வியைச் சேர்ந்தது.

நிற்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உடம்பில் ரத்தத்தைக் கீழே அனுப்ப இதயம் இருக்கிறது; காலிலிருந்து மேலே ஏற்ற அந்த வேகம் போதாது. அந்த வேலையில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசையினுடையது. நடக்கும்போது தசை இறுகி, இளகி, ரத்தக்குழாயைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளியது திரும்பக் கீழே வராமல் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன. அசையாமல் நிற்கும்போது இந்த பம்ப் ஓடுவதில்லை. ரத்தம் கீழே தேங்குகிறது, மாலையில் கால் வீங்குகிறது, ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் வால்வு பழுதாகி நரம்பு சுருட்டிக்கொள்கிறது. வெரிகோஸ் என்று டாக்டர் சொல்வது இதைத்தான். தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐ.டி. ஊழியருக்கு உட்காருவது நோய். ஜவுளிக் கடைப் பெண்ணுக்கு நிற்பது நோய். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றே: தன் உடம்பு கேட்கும்போது நிலையை மாற்றிக்கொள்ளும் அனுமதி.

கால் வலி காலோடு நிற்பதில்லை. வலிக்கிற காலோடு ஒருவர் நாற்பது புடவையைப் பிரித்துக் காட்டுகிறார். வந்தவர்கள், “பார்த்துட்டு வர்றோம்” என்று எழுந்து போகிறார்கள். பிரித்த நாற்பதையும் மடித்து அடுக்க வேண்டும், அதற்குள் அடுத்த குடும்பம் வந்து உட்கார்ந்துவிடும், முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது. சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்டு 1983-இல் விமானப் பணிப்பெண்களை வைத்து ஒரு நூல் எழுதினார். சம்பளத்துக்காகச் சிரிப்பதும், கோபத்தை அடக்குவதும், இல்லாத உற்சாகத்தை வரவழைப்பதும் தனியாக ஒரு உழைப்பு, அதற்கும் களைப்பு உண்டு என்பது அவர் சொன்னது. மூட்டை தூக்குகிறவரின் களைப்பு நமக்குக் கண்ணில் தெரிகிறது. சிரித்துக் களைத்தவரின் களைப்பு தெரிவதில்லை, ‘அந்தப் பொண்ணுக்கு மூஞ்சியே சரியில்லை’ என்ற புகாராகத்தான் மேனேஜரிடம் போய்ச் சேருகிறது.

இதற்கு இப்போது பெரிய நிறுவனங்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்து என்ன? யோகா வகுப்பு, தியானச் செயலி, மன உறுதிப் பயிற்சி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பேச்சாளர். இவை பலன் தருகின்றனவா என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃப்ளெமிங் பார்த்தார். பிரிட்டனில் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியர்கள் கொடுத்த பதில்கள் அவர் கையில் இருந்தன. 2024-இல் அந்த ஆய்வு வெளியானது. இப்படிப்பட்ட திட்டங்களில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் மனநலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. விதிவிலக்காகத் தெரிந்த ஒன்று, பொதுச் சேவைக்கு அனுப்புவது.

எனக்கு யோகா மேல் கோபம் இல்லை, காலையில் செய்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி ஊழியரை மாற்றப் பார்க்கிறது. வேலையை அப்படியே விட்டுவிடுகிறது. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, நிற்பதைத் தாங்கும் பக்குவத்தைச் சொல்லிக்கொடுப்பது. மருந்து வேலை செய்யவில்லை என்றால், ‘நீ சரியாகத் தியானம் பண்ணவில்லை’ என்று பழியும் ஊழியர் தலையிலேயே விழும். ஸ்டூல் வேலையை மாற்றுகிறது. அதனால்தான் இத்தனை பெரிய விஷயத்துக்கு அவ்வளவு சின்னப் பொருளை உதாரணமாக எடுத்தேன்.

அடுத்தது நேரம். வேலை ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம், இரண்டும் சமநிலையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். கடையே தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, ஊரிலிருந்து கூட்டி வந்த பிள்ளைகளை ஹாஸ்டலில் வைத்திருக்கும் இடத்தில் வாழ்க்கை எங்கே இருக்கிறது? வேலை முடிந்து போகும் அறையும் முதலாளியுடையது. விளக்கு அணைக்கும் நேரம், வெளியே போய்வர அனுமதி, சில இடங்களில் செல்போன் எப்போது கையில் இருக்கலாம் என்பதுவரை கடையின் சட்டம் அங்கேயும் வருகிறது. அண்ணாச்சி பெருமையாகச் சொன்ன ‘தங்க இடம் கொடுக்கோம்’ என்பதை அந்தப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் கடை மூடவே இல்லை. அவரிடம் இதைச் சொன்னபோது முதல்முறையாகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பொட்டப்பிள்ளைகளை நம்பி அனுப்பியிருக்காவ, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்ல?” என்றார். அவர் கவலையும் பொய் இல்லை. பாதுகாப்புக்குக் கதவில் காவலர் போதும்; ஒரு பெண் வாரத்தில் அரை நாள் தோழியோடு கோயிலுக்கோ சினிமாவுக்கோ போக யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்தில் நேரத்துக்கும் அளவு இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. இடைவேளைகளையும் சேர்த்து, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை மொத்தம் 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்று இன்னொரு வரம்பு. பலருக்கு இந்த இரண்டாவது வரம்பு தெரியாது. காலை பத்து மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு ஷட்டர் இறக்குகிறோம் என்றால் அந்த வரம்பு அதோடு தீர்ந்தது. திறக்கும் முன் தூசி தட்டுவதும், மூடிய பின் மடித்து அடுக்கி ஸ்டாக் சரிபார்ப்பதும் அதற்கு வெளியே வருகின்றன. வாரக்கணக்கில் அந்த முக்கால் மணி, ஒரு மணி எல்லாம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. ஊழியரின் தூக்கத்தில் மட்டும் குறைகிறது.

மணி நேரத்தின் அளவைவிட அது முன்கூட்டித் தெரிவது பல சமயம் பெரிதாகிவிடுகிறது. அமெரிக்காவில் கேப் என்ற துணிக்கடை நிறுவனம் சான் ஃப்ரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் 28 கடைகளில் ஒரு சோதனை நடத்த ஒப்புக்கொண்டது. நடத்தியவர்கள் ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகிய பேராசிரியர்கள். சில கடைகளில் ஷிஃப்ட் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் நாளுக்கு நாள் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். வாரத்துக்கு இத்தனை மணி என்று உறுதி கொடுத்தார்கள். ஊழியர்கள் மேனேஜரைக் கேட்காமல் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளச் செயலி கொடுத்தார்கள். கூட்டம் வரும் நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் ஆள் போட்டார்கள். மற்ற கடைகள் பழையபடியே நடந்தன. 2018-இல் வந்த முடிவில், மாற்றம் செய்த கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியிருந்தது, ஊழியர்களின் தூக்கமும் மேம்பட்டிருந்தது. அனுபவப்பட்டவர் தளத்தில் நின்றால் வந்தவர் வெறுங்கையோடு போக மாட்டார் என்பது அண்ணாச்சிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் கடைகளில் வார விடுமுறை எந்தக் கிழமை என்பது பல இடங்களில் முந்தின நாள் ராத்திரிதான் தெரியும். அப்படிக் கிடைக்கும் விடுமுறையில் என்ன செய்ய முடியும்? ஊருக்குப் போக டிக்கெட் போட முடியாது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிற நாளுக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. தூங்கிக் கழிக்கலாம். மாத ஆரம்பத்திலேயே எந்தெந்தக் கிழமை யாருக்கு விடுமுறை என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுவதற்கு முதலாளிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் செய்யாமல் மன அழுத்தம் பற்றிப் பேச ஆள் கூப்பிடுகிறார்கள்.

தூக்கம் என்று சொன்னதும் ஒரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. சென்னையிலேயே நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃப்ராங்க் ஷில்பாக், கௌதம் ராவ், ஹெதர் ஸ்கோஃபீல்டு உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் குறைந்த வருமானமுள்ள 452 பேருக்கு ஒரு மாதம் கணினியில் தகவல் ஏற்றும் வேலை கொடுத்தார்கள். கையில் கட்டிய கருவியால் அவர்கள் தூக்கத்தை அளந்தார்கள். ராத்திரி எட்டு மணி நேரம் படுத்திருந்தவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். சென்னையில் சின்ன வீட்டில் படுத்து எழுந்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது: புழுக்கம், கொசு, பக்கத்து வீட்டு டி.வி., தெரு நாய். ஆய்வாளர்கள் மெத்தை, தலையணை, மேசை விசிறி, காதை அடைக்கவும் கண்ணை மறைக்கவும் சாதனங்கள் என்று கொடுத்தார்கள். சிலருக்குத் தூங்கினால் பணம்கூடக் கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியது. எல்லோரும் எதிர்பார்த்தது, இனி வேலை பிரமாதமாக நடக்கும் என்று. ஒன்றும் நடக்கவில்லை. துண்டு துண்டாக உடைந்த தூக்கத்தில் இன்னொரு துண்டு கூடியதாகவே அது போயிற்று.

ஆனால் அதே ஆய்வில் சிலருக்கு மத்தியானம் அலுவலகத்திலேயே அமைதியான ஒரு இடத்தில் அரை மணி நேரம் படுக்க இடம் கொடுத்தார்கள். பலன் அங்கேதான் தெரிந்தது. வேலை வேகம் கூடியது, கவனம் கூடியது, மனநிலையும் மேம்பட்டது. கணக்கை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்த அரை மணியும் தூங்காமல் வேலை பார்த்தவர்கள் மொத்தத்தில் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அரை மணி சும்மா ஓய்வு எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் தூங்கியவர்கள்தான் மேல். அப்படியானால் ஜவுளிக் கடைக்கு இதில் என்ன இருக்கிறது? மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை எந்த ஊர்க் கடையிலும் ஆள் நடமாட்டம் இல்லை, பாதி விளக்கை அணைத்துவிடுகிறார்கள். சட்டப்படி ஒரு மணி நேர இடைவேளையும் உண்டு. அந்த நேரத்தில் ஊழியர் தூங்காவிட்டாலும் கடைக்கு ஒரு பில்லும் விழப்போவதில்லை. மேல் மாடியில் ஃபேனுக்குக் கீழே பத்துப் பாய் போட்டால், ஆறு மணிக் கூட்டத்துக்கு வேறு முகங்கள் இறங்கி வரும்.

இனி கானின் இரண்டாவது கேள்வி: கொடுத்தால் எனக்குக் கேடு வருமா? மூன்றிலும் கடினமானது இது. மற்றதற்கெல்லாம் பொருள் வாங்கிப் போட்டுவிடலாம், இதற்கு முதலாளியும் சூப்பர்வைசரும் தங்களையே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்திய ஆயத்த ஆடை ஆலைகளில் அச்யுத அத்வர்யு, தெரசா மொலினா, அனந்த் நிஷாதம் என்ற ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஒரு ஆண்டு சம்பள உயர்வு வந்தது, ஆனால் தொழிலாளர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் ஆள் கிளம்புவார்கள். ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, வேலை பற்றி, சம்பளம் பற்றி, மேற்பார்வையாளர் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்டது மட்டும்தான். சம்பளம் ஒரு ரூபாய்கூட அதிகமாகவில்லை. அடுத்து வந்த மாதங்களில், கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் மற்றவர்களைவிட 20 சதவீதம் குறைவு.

இதை ஒரு முதலாளி தப்பாகப் படித்துவிடவும் முடியும். ‘சம்பளம் ஏற்ற வேண்டாம், உட்கார வைத்து ரெண்டு வார்த்தை கேட்டால் போதும்’ என்று. ஒருமுறை கேட்டால் நம்புவார்கள், இரண்டாம் முறையும் நம்புவார்கள். கேட்டதில் ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்த பிறகு ஆலோசனைப் பெட்டியில் யாரும் தாள் போட மாட்டார்கள். பல கடைகளில் அந்தப் பெட்டி மூலையில் தொங்குகிறது, பூட்டுச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது: நம் ஊரில் ஒரு தையல் தொழிலாளியிடம் அவர் கருத்தை யாரும் கேட்பதில்லை. கேட்டது அத்தனை அபூர்வமாக இருந்ததால்தான் அத்தனை பேர் நின்றார்கள்.

பேசப் பயப்படுவதற்கு அபராதமும் ஒரு காரணம். பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் இவ்வளவு பிடித்தம், பில் தப்பினால் இவ்வளவு, எதிர்த்துப் பேசினால் இவ்வளவு. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் அபராதத்துக்குக் கடிவாளம் போட்டிருந்தது. ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காரணம் கேட்காமல் போடக் கூடாது. வசூலான பணத்தை ஊழியர் நலனுக்கே செலவழிக்க வேண்டும். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே 3 சதவீதம்தான். அபராதப் பணத்தை யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்த ஊழியர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மனநலம் பற்றித் தனியாகப் பெரிதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. இதுவரை சொன்னதெல்லாம் அதுதான். ஆனாலும் சிலருக்கு இதையும் தாண்டிய உதவி தேவைப்படும். பல நாள் தூங்காமல், யாரோடும் பேசாமல், சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் ஒரு பிள்ளையைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவள்தான் முதலில் கவனிப்பாள். அவள் வந்து சொன்னால், ‘நடிக்கிறா’ என்று தள்ளிவிடாத ஒரு வார்டன் வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. அந்த எண்ணை ஹாஸ்டல் சுவரில் எழுதி வைத்து, போன் பேச ஒரு தனி இடமும் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஐம்பது பேர் படுக்கும் கூடத்தில் நின்று யாரும் அந்த எண்ணுக்குப் பேச மாட்டார்கள்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திரும்பவும் ஸ்டூலுக்கே வந்தார். “வாடிக்கையாளர் வர்ற நேரத்துல இவ உக்காந்திருந்தா மரியாதையா இருக்குமா தம்பி?” எல்லா முதலாளிகளுக்கும் உள்ளே இருக்கும் கேள்வி இதுதான். ஐரோப்பாவின் பல்பொருள் அங்காடிகளில் காசாளர் உட்கார்ந்துதான் பில் போடுகிறார், வரிசை வேகமாகவே நகர்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று அவர் அப்பா காலத்துக் கடையையே நினைவுபடுத்தினேன். மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்த மேடை. கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், வந்தவர்களும் எதிரே உட்காருவார்கள். உட்கார்ந்தபடியே ஒரு வீச்சில் புடவையை விரிப்பார், முந்தானை வாங்குகிறவர் மடியில் வந்து விழும். அன்றைக்கு யாரும் அவமரியாதை என்று நினைக்கவில்லை. கண்ணாடிக் கவுன்ட்டரும் ஏ.சி.யும் வந்தபோது மெத்தை போயிற்று, விற்கிறவர் எழுந்து நின்றார், கல்லாவில் முதலாளி மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். இதைச் சொன்னதும் அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

“சரி, எத்தனை ஸ்டூல் போடணும்?” என்றார்.

பிரிட்டன்காரன் கணக்குப்படி மூன்று பேருக்கு ஒன்று, நம் சட்டப்படி எல்லோருக்கும். நான் அவருக்குச் சொன்ன யோசனை, மூன்று மாடிக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டாம் என்பது. முதலில் ஒரு மாடியில் எல்லோருக்கும் போட்டு, விடுமுறைப் பட்டியலையும் அந்த மாடிக்கே முன்கூட்டி ஒட்டுங்கள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவரும் ஒரு ஸ்டூலில் உட்கார வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவர் நின்றுகொண்டே முறைத்தால் ஸ்டூல் இருந்தும் இல்லாத மாதிரிதான், ஒரு பெண்ணும் உட்கார மாட்டாள். பிறகு எந்த மாடியில் எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அண்ணாச்சி வியாபாரி, உடனே காலண்டரைப் பார்த்தார். ஆடித் தள்ளுபடி முடிந்ததும் ஆரம்பித்து தீபாவளிக்குள் முடிவு பார்த்துவிடலாம் என்றார். அது சரிப்படாது என்றேன். தீபாவளி போனஸ் கைக்கு வரும்வரை கால் எவ்வளவு வீங்கினாலும் யாரும் நகர மாட்டார்கள், மூன்று மாடியும் ஒரே மாதிரித் தெரியும். போனஸ் வாங்கி ஊருக்குப் போனவர்களில் யார் திரும்பி வருகிறார்கள் என்பதுதான் கணக்கு. எண்ணுவதைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.